ஈசானிய மூலைச் சிப்பிகள்

ஒரு சிப்பி வாய் பிளந்து செத்துப்போனால், அதற்காக ஒரு மனிதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பீர்களா நீங்கள்?

சிரிக்க வேண்டாம். 1998 மார்ச்சில் கோயமுத்தூரில் இருந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். பிப்ரவரியில் குண்டுகள் வெடித்து, செத்தவர்களுக்காக அழுது முடிக்காத ஊர் அது. அந்த மாதத்தில் ஒருவன்மேல் சந்தேகம் வருவதற்கு அவன் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று இல்லை. பெயர் போதுமாக இருந்தது.

உமர் பாரூக்கிடம் அந்தப் பெயர் இருந்தது.

அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. உக்கடத்தில் சின்னதாக ஒரு வண்ண மீன் கடை. ஆனால் அவர் தொழில் தொடங்கியது மீனில் இல்லை, செம்புக் கம்பியில். அவருடைய அப்பா நசுருதீன் பூட்டும் குடையும் ரிப்பேர் செய்தவர். மகன் மோட்டார் வைண்டிங் படித்தால் பிழைத்துக்கொள்வான் என்று தொழிற்பயிற்சிக்கு அனுப்பினார். படித்து முடித்த கையோடு கணபதியில் நஞ்சுண்டன் என்பவரின் பம்புசெட் கம்பெனியில் வேலை கிடைத்தது. பகலெல்லாம் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், கைச்செம்பு போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பார். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வந்த ஆங்கில மீன் பத்திரிகைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தார். பிறகு வேலையை விட்டுக் கடை போட்டார். நஞ்சுண்டனுக்கு அதில் வருத்தம் இல்லை. கடை திறந்த அன்றைக்கு வந்து முதல் மீன் வாங்கியவரே அவர்தான்.

நஞ்சுண்டன் ஒருமுறை இயந்திரக் கண்காட்சி பார்க்க வெளிநாடு போனார். தங்கியிருந்த ஓட்டலில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. பவளப்பாறை, அதில் மீன்கள், பாறையில் ஒட்டிக்கொண்டு மயில் கழுத்து நிறத்தில் சதை விரித்திருந்த சிப்பிகள். கண்காட்சியில் எந்த இயந்திரத்தைப் பார்த்தாரோ, திரும்பி வந்ததும் பேசியது அந்தச் சிப்பிகளைப் பற்றித்தான்.

"பாரூக், நீங்க எத்தனை பம்பு சுத்திக் குடுத்தீங்க எனக்கு. இப்ப ஒரு கடலைச் சுத்திக் குடுங்க பாக்கலாம்."

சரவணம்பட்டியில் அவர் புதிதாகக் கட்டியிருந்த வீட்டின் கூடத்தில் அந்தக் கடல் எழுந்தது. ஈசானிய மூலையில்தான் தண்ணீர் இருக்க வேண்டும் என்று யாரோ வாஸ்துக்காரர் சொன்னதால் தொட்டி வடகிழக்கு மூலைக்குப் போனது. நஞ்சுண்டனுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "தண்ணி எங்க இருந்தாலும் கனம் ஒண்ணுதானுங்களே" என்று சிரித்தார். சிரித்தாரே ஒழிய, வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்தவர்களிடம் எனக்குப் பிடிக்காத சிரிப்பு அது. அந்தச் சிரிப்பின் நிழலில்தான் இந்த நாட்டில் எல்லா வாஸ்துக்காரர்களும் குடியிருக்கிறார்கள்.

கம்பெனி லாரி கொச்சியிலிருந்து திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீர் வந்தது. லட்சத்தீவுப் பக்கத்துச் சிப்பிகள் ஐந்து, ஒரு வியாபாரி மூலமாக ஈரத்துணி சுற்றி வந்தன. உள்ளங்கை அகலம், அலை அலையான ஓடு. ஒன்று நீலம், ஒன்று பச்சை, மற்றவை பொன்னும் பழுப்பும் கலந்தவை.

சிப்பி வளர்ப்பது மீன் வளர்ப்பது மாதிரி அல்ல. மீனுக்குப் பசித்தால் கண்ணாடிக்கு வந்து நிற்கும். சிப்பி எதுவும் சொல்லாது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி சமைக்கும், சிப்பி சாப்பிடும். ஆகவே பட்டப்பகல் மாதிரி எரிகிற விளக்கு வேண்டும். அந்த விளக்கின் சூடு தண்ணீரில் இறங்கக் கூடாது. ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும். கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆவியாகிப் போகிற தண்ணீருக்குச் சிறுவாணித் தண்ணீர் ஊற்றி உப்பின் அளவு ஏறாமல் நிலையாக வைக்க வேண்டும். சொந்தத்தில் வளர்த்த முதல் இரண்டு சிப்பிகளை வெளிச்சம் போதாமல் சாகக் கொடுத்துத்தான் பாரூக் இதையெல்லாம் கற்றுக்கொண்டார்.

சிப்பி நலமா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. தொட்டிக்கு மேலே கையை நீட்டுவார். கையின் நிழல் விழுந்ததும் விரிந்திருந்த சதை சட்டென்று உள்வாங்கும். அது பயப்படுகிறவரைக்கும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

குண்டு வெடித்து, ஊரடங்கு போட்டு, அது தளர்ந்து, கடைகள் பாதிக்கதவு திறக்கத் தொடங்கிய ஒரு நாளில், பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு நஞ்சுண்டன் போன் செய்தார்.

"பாரூக், ஊட்ல எல்லாரும் பத்திரமா இருக்கறீங்களா?"

"இருக்கறமுங்கண்ணா."

"ஒண்ணுமில்லீங்க, மூலையில இருக்குதல்ல அந்த நீலச் சிப்பி, அது வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்குது. சித்தெ வந்து பாத்துப்போட்டுப் போங்க." குரலைத் தாழ்த்தினார். "வர்ற வழியில ஆராச்சும் கேட்டா என்ற பேரைச் சொல்லுங்க."

பத்து வருடத்துக்கு மேலாக நஞ்சுண்டனோடு பழக்கம். இன்னொருவர் பெயரைச் சொல்லிப் போகவேண்டியது இதுதான் முதல் தடவை.

பையை எடுத்து வைக்கும்போது ஒவ்வொரு பொருளையும் மற்றவர் கண்ணால் பார்த்தார். ரப்பர் குழாய். ஒயர் துண்டு. வெள்ளைப் பொடி. நல்ல வேளையாக டைமர் இல்லை. தொட்டி விளக்கை நேரத்துக்கு ஏற்றி அணைக்கிற டைமர் பின்தங்கி ஓடுகிறது, கழற்றிக்கொண்டு வந்து பழுதுபார்க்க வேண்டும் என்று ஜனவரியிலேயே நினைத்திருந்தார். இனி அதற்கு வழியில்லை. கடிகார முள்ளும் இரண்டு ஒயரும் உள்ள ஒரு பொருளை, அந்த ஊரில், அந்த மாதத்தில், அந்தப் பெயருள்ள ஒருவர் பையில் வைத்துக்கொண்டு போக முடியாது. அந்த வீட்டில் விளக்கைக் கையாலேயே போட்டு அணைக்கட்டும். ஒயர் துண்டையும் எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டார்.

காந்திபுரம் தாண்டியதும் தடுப்பு. டிவிஎஸ் 50ஐ நிறுத்தினார்கள்.

"என்ன டியூபு இது?"

"மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்தறதுங்க."

"பொடி?"

"சுண்ணாம்புங்க."

"இத்தனை சுண்ணாம்பா? ஒரு நாளைக்கு எத்தனை வெத்தலை போடுவே?"

"எனக்கில்லீங்க சார். சிப்பிக்குங்க."

பக்கத்தில் நின்ற இன்னொரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "சிப்பி வெத்தலை போடுதாம்யா. போ, போ."

பாரூக்கும் சிரித்தார். சிரித்த முகத்தோடு வண்டியைக் கிளப்பினார். கணபதி வரைக்கும் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நஞ்சுண்டன் வீட்டு கேட்டைத் திறந்தது சென்னகிருஷ்ணன். நஞ்சுண்டனின் மனைவி ராமாமணிக்குத் தம்பி. அந்தியூர்ப் பக்கம் மஞ்சள், வாழை விவசாயம். ஊர் நிலைமை சரியில்லை என்று அக்காவுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தார். போன வருடம் பார்த்தபோது "வாங்க பாய், சவுக்கியமுங்களா" என்று கேட்டவர்.

"பையில என்ன?" என்றார் இப்போது.

"வழியில போலீசுல பாத்துட்டாங்களுங்க."

"நான் பாக்கலையே."

பையைத் திறந்து காட்டினார்.

ராமாமணி எப்போதும் காபியோடு வந்து, ஆஸ்டலில் இருக்கிற மகன் சபரீஷ் போன் செய்ததையும் செய்யாததையும் சொல்வார். அன்றைக்குச் சமையலறைக் கதவோடு நின்றுகொண்டார். கண்ணைப் பார்க்கவில்லை. இந்த அம்மாவும் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று பாரூக் நினைத்தார்.

தொட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தார். மீன்கள் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. ஆனால் பாறை இடுக்கில் மீசை ஆட்டிக்கொண்டிருக்கும் இறால்கள் எதையும் காணோம். நத்தைகள் எல்லாம் தொட்டியின் மறுகோடிக்குப் போய் ஒட்டியிருந்தன. மூலையில் இருந்த நீலச் சிப்பி வாய் பிளந்து, சதை சுருங்கி, சாயம் போன துணி மாதிரி கிடந்தது. கையை நீட்டி நிழல் காட்டினார். அது அசையவில்லை. அதற்கு இனிப் பயம் இல்லை.

சூட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. உப்பும் சரி. கொஞ்சம் தண்ணீரை மாற்றினார். சுண்ணாம்புத் தெளிவை மேலே இருந்த கேனில் ஊற்றினார்.

"அதென்ன வெள்ளையா ஊத்தறே?" சென்னகிருஷ்ணன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"சுண்ணாம்புங்க. ஓடு வளர்றதுக்கு."

"சுண்ணாம்பு நாங்களும்தான் கரைப்போம் தோட்டத்துல. மயில்துத்தம் சேத்திக் கரைச்சு அடிச்சா ஒரு பூச்சி நிக்காது." கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "உன்ற கடையில மயில்துத்தம் இருக்குதா?"

இருந்தது. மயில்துத்தம் என்பது செம்பு உப்பு; மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அதைத் துளி போட்டுத்தான் குணமாக்குவார்கள். மீன் பிழைக்கும், அதே துளி சிப்பிக்கும் இறாலுக்கும் நஞ்சு. அதனால்தான் கடைக்கு ஒரு வாளி, கடல்தொட்டிக்கு ஒரு வாளி என்று பாரூக் தனித்தனியாக வைத்திருந்தார். மீன் நன்றாக இருக்கிறது, இறால் செத்திருக்கிறது. இது செம்பு வேலைதான். அப்படியானால் வாளி மாறிவிட்டதா? ஊரடங்குக்கு முன்னால் கடைசியாக வந்த அன்று, அவசரத்தில்?

"இருக்குதுங்க," என்றார். பொய் சொல்லியிருக்கலாம். அது தோன்றுவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலமே நீலச் சிப்பியை எடுத்து வெளியே போடவேண்டியதாகிவிட்டது.

"போனாப் போகுதுங்க, இன்னும் நாலு இருக்குதல்ல," என்றார் நஞ்சுண்டன்.

"நாலும் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க மாமா?" என்றார் சென்னகிருஷ்ணன். "இன்னைக்குச் சிப்பிக்கு ஊத்தறவன் நாளைக்கு நம்ம சம்புல ஊத்துவான். அந்தத் தண்ணியைத்தான நாம குடிக்கறது? நான் சொல்லிப்போடறேன். இன்னொண்ணு செத்துதுன்னா தண்ணியைப் பாட்டல்ல புடிச்சு ஸ்டேசன்ல குடுத்து, இவன் பேரையும் சொல்லிப்போட்டு வந்துருவேன். மிச்சத்தை அவுங்க பாத்துக்குவாங்க."

"சும்மா இரு கிருஷ்ணா," என்றார் நஞ்சுண்டன்.

அந்தக் குரலில் கோபம் இல்லை என்பதைப் பாரூக் கவனித்தார். வெயில் அதிகம், விசிறி போடு என்பது மாதிரிச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாளிகளையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முகர்ந்தார். அடிப்பக்கத்தை விரலால் தடவினார். கடல்தொட்டி வாளியில் நீலக்கறை எதுவும் இல்லை. இருந்து கழுவிப் போயிருந்தால்? மனைவி சாஜிதா பேகம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாளிக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை எத்தனை தடவை மோந்து பாப்பீங்க?"

சொன்னார். சாஜிதா கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார், பேச்சு தெருவுக்குக் கேட்டுவிடும் என்பது போல.

"இனிமே அங்க போகாதீங்க. சிப்பி செத்தாச் சாகட்டும். கடலுக்குள்ள இருக்க வேண்டியது சரவணம்பட்டியில சாகுது, நாம என்ன பண்றது?"

"போகலீன்னா, பயந்து ஓடிட்டான்னுவாங்க."

"போனா?"

போனாலும் குற்றவாளி, போகாவிட்டாலும் குற்றவாளி. ஒரே வழி, மீதி நாலும் சாகாமல் இருப்பதுதான். நாலு சிப்பிகளின் உயிரில் தன் உயிர் தொங்குகிறது என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. சாஜிதா மயில்துத்தப் பொட்டலத்தை எடுத்து மூன்று காகிதங்களில் சுற்றி எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். சாக்கடையில் போட்டால் யாராவது பார்ப்பார்கள். கடையில் இருந்தால் சோதனையில் அகப்படும். மீன் கடையில் மீன் மருந்து இருப்பது குற்றமாகிவிட்ட நாள் அது.

அடுத்த போன் வந்தபோது நஞ்சுண்டன் நலம் விசாரிக்கவில்லை. "பச்சையும் வாயைத் தொறந்துருச்சு. வாங்க" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை கூடத்தில் யாரும் இல்லை. நஞ்சுண்டன் மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். சென்னகிருஷ்ணன் தோட்டத்துப் பக்கம் இருந்தார். பாரூக் முழங்கைவரை கழுவிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். பச்சைச் சிப்பி பாறையைப் பிடித்திருந்த நார் தானே விட்டுக் கையோடு வந்தது. செத்திருந்தது. மற்ற மூன்றும் உயிரோடு இருந்தன. ஆனால் சதை பாதிதான் விரிந்திருந்தது.

முதலில் செத்ததும் இந்த மூலை. இரண்டாவதும் இந்த மூலை. நத்தைகள் இந்த மூலைப் பக்கம் வருவதே இல்லை. குனிந்து பார்த்தார். வெள்ளை மணலில் ஓரிடத்தில் மட்டும் இலேசாகப் பச்சை ஓடியிருந்தது. பாசி என்று நினைத்து விரலால் கிளறினார். மெல்லிய விளிம்பு ஒன்று நகத்தில் தட்டியது. இழுத்தார்.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு தகடு. பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எத்தனையோ வருடம் கம்பி சுற்றிய விரல்களுக்குத் தொட்டவுடன் தெரிந்தது. செம்பு. பச்சை படிந்த முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குள் எண்கள்.

முதலில் வந்தது சந்தோஷம். என் வாளி இல்லை. என் கை இல்லை. நான் கொல்லவில்லை.

அடுத்த மூச்சிலேயே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அவர் கையில் இருப்பது தகடு.

இந்த ஊரில் தகடு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டாம். பூசையறையில் சட்டம் போட்டு வைத்தால் அது எந்திரம். அடுத்தவன் வாசலில் புதைத்தால் செய்வினை. அதே செம்பு, அதே கட்டம், எண்களும் ஏறக்குறைய அதேதான். பாரூக்கின் தெருவில் தாயத்து எழுதுகிறவரும் இந்தக் கட்டத்தைத்தான் போடுகிறார். அந்தியூரில் எழுதுகிறவரும் இதைத்தான் போடுகிறார். ஏமாற்றுகிறவர்களுக்குள் மதச்சண்டை கிடையாது. தகட்டில் எழுதியிருப்பது என்ன என்பதை யாரும் படிப்பதில்லை. யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தத் தொட்டிக்குள் கை விடுகிறவர் ஒரே ஒருவர்தான். எடுத்துக் காட்டினால், வைத்தவனும் அவனே என்பார்கள். திரும்பப் புதைத்தால் மூன்று சிப்பிகளும் சாகும், பாட்டில் ஸ்டேஷனுக்குப் போகும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் காந்திபுரத்தில் தடுப்பு. சுண்ணாம்புக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிப்பார்களா? தகட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மாடிவரை கேட்டுவிடும் போலிருந்தது.

"அதைய அங்கியே வெச்சுருங்க."

ராமாமணி. கையில் காபி டம்ளர். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

பாரூக் திரும்பி அவரைப் பார்த்தார். "நீங்களாங்க அக்கா?"

"அவுங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா சிரிப்பாங்க. அந்தியூர்ல எழுதி வாங்கினது. ஈசானியத்துல தண்ணிக்கடியில வெச்சா..." நிறுத்தினார். "வெளியாளால வர்ற கெடுதி ஊட்டுக்குள்ள வராதுன்னு எழுதிக் குடுத்தவரு சொன்னாரு."

"வெளியாளுன்னா ஆருங்க?"

ராமாமணி டம்ளரைப் பார்த்தார்.

அந்தத் தகடு யாருக்காக வைக்கப்பட்டது என்று பாரூக்குக்குப் புரிந்தது. அவர் உள்ளே வராமல் இருக்க அதை வைத்தார்கள். அது சிப்பியைக் கொன்றது. சிப்பி செத்ததால் அவரைக் கூப்பிட்டார்கள்.

"குண்டு வெடிச்சன்னிக்கு நான் கடைவீதியிலதானுங்க இருந்தேன்," என்றார் ராமாமணி. "அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்குது. தூங்க முடியறதில்லீங்க. என்ன பண்றதுன்னே தெரியலீங்க."

"எனக்கும் நிக்குதுங்கக்கா," என்றார் பாரூக்.

தோட்டக் கதவு திறந்தது. சென்னகிருஷ்ணன் உள்ளே வந்தார். தகட்டைப் பார்த்தார். ஈரக் கையைப் பார்த்தார். அதன்பிறகு அவருக்கு யோசிக்க எதுவும் இல்லை.

"மாமா. கீழ வாங்க. தகடு வெச்சிருக்கறான்."

நஞ்சுண்டன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே இறங்கி வந்தார். "என்னங்க பாரூக் இது?"

"மண்ணுக்குள்ள இருந்துதுங்கண்ணா. செம்பு. இதுதானுங்க சிப்பியைக் கொன்னுது."

"ஆரு வெச்சது?"

ஒரு விரலை நீட்டினால் போதும். ராமாமணி மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஆனால் நீட்டிய விரலை யார் நம்புவார்கள்? தகடு வைத்ததும் போதாமல் வீட்டுக்கார அம்மாமேல் பழி போடுகிறான் என்று இன்னொன்று சேரும். பாரூக் அவரைப் பார்த்தார்.

"அவனையே கேட்டா சொல்லுவானா?" என்றார் சென்னகிருஷ்ணன். "தானே வெச்சுத் தானே எடுக்கறது இவனுக வேலைதான். மருந்தும் ஊத்தியிருக்கறான், தகடும் வெச்சிருக்கறான்." போனை எடுத்துச் சுழற்றத் தொடங்கினார்.

பழைய காலத்துப் போன். ஒவ்வொரு எண்ணுக்கும் வட்டு முழுதாகச் சுற்றித் திரும்ப வேண்டும். பாரூக் அந்த வட்டையே பார்த்தார். சாஜிதா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்தார். பொட்டலத்தை எங்கே வைத்தார் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று நினைத்தார். ஓடலாம் என்று கால் சொன்னது. ஓடினால் முடிந்தது என்று தலை சொன்னது. நஞ்சுண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்து முடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல. ராமாமணியின் கையில் இருந்த காபியில் ஆடை படிந்துவிட்டது.

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். "ஹலோ" என்று ஒரு குரல் கூடத்துக்கே கேட்டது.

"போனை வெய்யி கிருஷ்ணா," என்றார் ராமாமணி.

"நீ சும்மா இரு அக்கா."

"வெய்யின்னா வெய்யி. அது நான் வெச்சது."

ஹலோ, ஹலோ என்றது குரல். சென்னகிருஷ்ணன் மெதுவாகப் போனை வைத்தார். பிறகு அவர் பாரூக்கின் கையிலிருந்து தகட்டை வாங்கினார். தோள் துண்டால் துடைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முன்னாலயே சொல்றதுக்கென்ன? சாமி காரியம். இவன் கை பட்டுப்போச்சு பாரு."

சற்று முன்புவரை செய்வினையாக இருந்தது. ஒரு வாக்கியத்தில் தெய்வமாகிவிட்டது. உலோகம் மாறவில்லை, தண்ணீரில் செத்த சிப்பிகள் உயிர்க்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அந்தக் கூடத்தில் யாரும் உச்சரிக்கவும் இல்லை.

பாரூக் வேலையைப் பார்த்தார். கேன்களில் மிச்சமிருந்த கடல் தண்ணீர் முழுவதையும் ஊற்றித் தொட்டித் தண்ணீரை மாற்றினார். மூலை மணலை வாரி வெளியே கொட்டினார். வடிகட்டியில் புதுக் கரி வைத்தார். கடைசியாகக் கையை நீட்டி நிழல் காட்டினார். மூன்று சிப்பிகளும் உள்வாங்கின, மெதுவாக, ஆனால் மூன்றும்.

நஞ்சுண்டன் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"பாரூக், நான் உங்களைச் சந்தேகப்படலீங்க. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியுமுங்கண்ணா."

"இருந்தாலும்... கொஞ்ச நாளைக்கு வர வேண்டாமுங்க. நெலமை சரியாகட்டும். நானே கூப்புடறேன்."

"செரிங்கண்ணா. வெயில் ஏறுனா பாட்டல்ல ஐஸ் வெச்சு மெதக்க விடுங்க. சுண்ணாம்புல தெளிவு மட்டும் விடச் சொல்லுங்க, கலக்கலை விட்டுறாதீங்க."

அவர் பயந்தது நடக்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போகவில்லை. ஆனால் கதை போனது. சரவணம்பட்டியில் ஒரு பாய் மீன் தொட்டிக்குள் தகடு வைத்துப் பிடிபட்டானாம் என்று ஊருக்குள் பரவியது. ராமாமணி சொன்ன வாக்கியம் மட்டும் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டவே இல்லை. பாரூக் தொட்டி பார்த்துக்கொண்டிருந்த மற்ற வீடுகளில், ஆர்.எஸ்.புரத்தில், பீளமேட்டில், ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்கு வர வேண்டாமுங்க.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாரூக் மீண்டும் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறார். கடை பாதிதான் திறந்திருக்கிறது. எப்போதாவது எஸ்டிடி பூத்துக்கு ராமாமணி போன் செய்கிறார். "நெழல் காட்டுனா மூடிக்குதுங்க, மூணும் நல்லா இருக்குதுங்க" என்கிறார். வாருங்கள் என்று சொல்வதில்லை. ஒயர் துண்டைப் பையில் போடும்போது பாரூக்குக்கு இன்னும் கை நிற்கிறது. யாராவது பெயர் கேட்டால், சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்.

நீங்களும் அந்த நாட்களில் ஒருவரிடம் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பார்க்க வந்தவரிடம், சட்டை தைத்தவரிடம், பழம் கொண்டுவந்தவரிடம். நீங்கள் மறந்திருக்கலாம், அவர் மறந்திருக்க மாட்டார். நானே கூப்பிடுகிறேன் என்றீர்களே, அதை நம்பி அவர் இன்னும் வராமல் இருக்கிறார். நாளைக் காலையில் அவர் இருக்கும் தெருவுக்கு நீங்களே நேரில் போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் பார்க்கும்படி உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.